மேசையில் இருந்த துவக்கு

பொய்யை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துவக்கு, பழைய போர்த் துப்பாக்கி, மேசையில் இருந்தது. நான் கண்டேன். காணவில்லை என்று மூன்று பேரிடம் சொன்னேன். அந்த மூவரில் ஒருவர் துவக்கின் சொந்தக்காரர். மற்ற இருவரிடம் சொன்னதை முருகன் மன்னித்தாலும் மன்னிப்பான். அவரிடம் சொன்னதை மன்னிப்பானா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

டூங்கபி என்ற புறநகரில் ஒரு பலகை வீட்டின் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, மகள். முன்வீட்டில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். வெள்ளைக்காரர், எண்பது தாண்டியவர், மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் மெல்பனில். வீட்டைத் தரும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி: “சத்தமாப் பாட்டுப் போடுவியா?”

காலையில் தேவாரம் மட்டும் போடுவோம், அது சாமிப் பாட்டு என்றேன்.

“உங்கட சாமிக்குக் காது கேக்கும்தானே? அளவாப் போடு” என்றார்.

என் மனைவி அவரை அங்கிள் என்று கூப்பிடுவாள். “எனக்குக் கூடப்பிறந்தவையே இல்லை, நான் எப்பிடி ஆருக்கும் அங்கிள் ஆகிறது?” என்று கேட்பார். ஆனாலும் அந்தக் கூப்பாட்டுக்குத் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். நாங்கள் படகில் வந்தவர்கள். வரும்போது மகள் கைக்குழந்தை. இப்போது பத்தாம் வகுப்பு. அகதிக் கோரிக்கை ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு இழுபட்டு, இன்றைக்கும், முடிவு வரும்வரை தற்காலிகமாக இருக்க விடும் பிரிட்ஜிங் விசாவில்தான் இருக்கிறோம். அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். ஒழுங்காக நடப்போம் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்திருக்கிறோம். பொலிசில் பெயர் பதிந்தால் அந்தத் தாள் கிழிந்ததாக அர்த்தம். எனக்குப் பாண் தொழிற்சாலையில் ரொட்டி அடுக்கும் வேலை. ரெயிலில் கார்டைத் தட்ட மறந்தாலே அடுத்த ஸ்டேசனில் இறங்கித் திரும்பப் போய்த் தட்டுவேன். அப்படித்தான் பதின்மூன்று பதினான்கு வருடம் போயிற்று.

துவக்குக்கு வருகிறேன்.

முன்வீட்டு நடையில், சுவரோடு ஆணி இறுக்கிய ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள் அவருடைய தாத்தாவின் துவக்கு. லைசென்ஸ் இருந்தது. பொலிஸ்காரர் வந்து பெட்டியின் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். சில சனிக்கிழமைகளில் அவர் அதை வெளியே எடுத்துக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் பழைய பேப்பர் விரித்து, பிரித்துத் துடைப்பார். நான் புல் வெட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வார். பிறகு அதன் சரித்திரம் தொடங்கும்.

அதன் பெயர் லீ மெட்ஃபோர்ட். இரண்டு பேருடைய பெயரைச் சேர்த்து வைத்த பெயர். ஒருவர் தாழ்ப்பாளைச் செய்தவர், மற்றவர் குழலுக்குள் வரி வெட்டியவர். தாழ்ப்பாள் என்று நான்தான் சொல்கிறேன், அவர் போல்ட் என்பார். கதவுத் தாழ்ப்பாளைப் போலவே கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டும். இழுக்கும்போது வெடித்து முடிந்த வெறும் கோது வெளியே விழும். தள்ளும்போது கீழே உள்ள பெட்டியிலிருந்து அடுத்த ரவை, அதாவது தோட்டா, ஏறும். அதற்கு முன்பு இருந்த துவக்குகளில் ஒரு வெடிக்கு ஒரு ரவையைக் கையால் வைக்க வேண்டுமாம். இதில் பெட்டிக்குள் எட்டு நிற்கும்.

எட்டைக் கொடுத்துவிட்டு அதிகாரிகள் பயந்துவிட்டார்களாம். சிப்பாய்கள் கண்டபடி சுட்டுத் தீர்த்துவிடுவார்கள் என்று பெட்டியின் வாயை மூட ஒரு தகடு வைத்தார்கள். தகட்டை மூடிவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடு, உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் திற என்று சட்டம்.

“அதிகாரிமார் எண்டா இதுதான்” என்றார் கிழவர். “சாமானையும் தருவாங்கள், பாவிக்காதே எண்டும் சொல்லுவாங்கள்.”

அது பிறந்த சில வருடங்களிலேயே பழசாகிப் போன துவக்கு. குழலுக்குள் இருந்த வரிகள் ஆழமில்லாமல், முனை மழுங்கி இருக்கும். பழைய கறுப்பு வெடிமருந்தின் கரி ஒட்டாமல் இருப்பதற்காக அப்படி வெட்டினார்கள். பிறகு புகையில்லாத புது மருந்து வந்தது. அதன் சூடு தாங்காமல் அந்த மெல்லிய வரிகள் உருகித் தேய்ந்தன. வரியை ஆழமாக வெட்டி, பெயரையும் மாற்றினார்கள். தாழ்ப்பாளை மாத்திரம் மாற்றவில்லை. இரண்டு உலகப் போருக்கும் அதே தாழ்ப்பாள்தான் போனது.

அவருடைய தாத்தா மரம் பிளக்கிறவர். சம்பளம் என்றதும் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்து, குதிரையோடு கப்பலேறித் தென்னாபிரிக்காவுக்குச் சண்டைக்குப் போனார். அங்கே எதிரிகள் கமம் செய்யும் விவசாயிகள். அவர்களிடம் ஜெர்மன் துவக்கு. ஐந்து ரவையை ஒரே தள்ளில் ஏற்றிவிடுவார்களாம். தாத்தா பையைத் துழாவி ஒன்று ஒன்றாகப் போட்டாராம். திரும்பி வந்தவர் அந்தச் சண்டையைப் பற்றி வீட்டில் சொன்னது ஒன்றுதான், விரல் நடுங்கினால் ரவை கீழே விழும் என்று. துவக்கு அரசாங்கத்துக்குத் திரும்பிப் போய், பிறகு அதைச் சுடும் கழகக்காரருக்கு மலிவாக விற்றபோது தாத்தா வாங்கினார்.

“அதே துவக்கா அங்கிள்?” என்று கேட்டேன்.

“அவர் அதேதான் எண்டார். நான் என்னத்துக்கு ஒரு செத்த மனுசனோட வழக்காடுறது?”

எங்கள் ஊரிலும் இது இருந்தது என்று ஒரு நாள் சொன்னேன். இதே அல்ல, இதன் தம்பி. பொலிஸ்காரரின் தோளில் தொங்கும். அதன் ரவையின் அளவை வைத்துத் திறீ நொட் திறீ என்போம். அந்தத் தாழ்ப்பாளின் சத்தம் எனக்குத் தெரியும், என் அண்ணனின் முன்பல் இரண்டு அதன் சோங்கு, பின்பக்கக் கட்டை, பட்டுத்தான் போனது என்றேன். அதற்குச் சற்று முன்தான், பிடித்துப் பார் என்று துவக்கை என் பக்கம் நீட்டியிருந்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அதைக் கண்டு, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து தேத்தண்ணி போட்டுத் தந்தார். அதன் பிறகு ஒருநாளும் நீட்டவில்லை.

அவர் விழுந்ததும் ஒரு சனிக்கிழமைதான். முற்பகல். துவக்கைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த பழைய துணியை எடுக்க வெளியே வந்தவர் பின்படியில் கால் தவறினார். சத்தம் கேட்டு என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். இடுப்பெலும்பு. அம்புலன்ஸ்காரர் படியிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள், வீட்டுக்குள் யாரும் போகவில்லை. போகும்போது என் கையில் வீட்டுத் திறப்பைத் தந்து, “குசினி... பூட்டு” என்றார்.

உள்ளே போனேன். மேசையில் பேப்பர். பேப்பரில் துவக்கு. பக்கத்தில் கழற்றிய தாழ்ப்பாள், எண்ணெய்ப் போத்தல், பாதி குடித்த தேத்தண்ணி. இரும்புப் பெட்டி பூட்டியிருந்தது. அதன் திறப்பு அவருடைய காற்சட்டைப் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

அப்படியே விட்டுப் பூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவருடைய மகள் அடுத்த நாள் காலை வருவதாக அம்புலன்ஸ்காரரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். இதை ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லும்.

என் மனைவி வாசலில் நின்றாள்.

“இஞ்சேருங்கோ, இதை ஆரும் கண்டா?”

“ஆர் காணப்போகினம்?”

“கிழவன் எப்பிடி விழுந்தது எண்டு பொலிஸ் பாக்க வந்தா? திறப்பு உங்கட கையில. உள்ளுக்குத் துவக்கு. நாங்கள் ஆர் எண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுவியள்?”

அதன் பிறகு என் கைகள்தான் வேலை செய்தன. ஊரில் ஆமி வந்து வீடுவீடாகச் சோதிக்கும் சுற்றிவளைப்பு என்று சத்தம் கேட்டால் வீட்டில் உள்ள சந்தேகமான எதுவும் மண்ணுக்குள் போய்விடும். படம், கடிதம், யாரோ விட்டுப்போன உடுப்பு. ஒன்றாகப் புதைக்கக் கூடாது, பிரித்துப் புதைக்க வேண்டும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. துவக்கை அரிசிச் சாக்கில் சுற்றி, மேலே கறுப்புக் குப்பைப் பையைச் சுற்றி, மிளகாய்ப் பாத்தியின் கீழே புதைத்தேன். தாழ்ப்பாளைப் பால்மாத் தகர ரின் ஒன்றில் போட்டு, துணிக் கொடிக்குக் கீழே புதைத்தேன். பகல் வெளிச்சத்தில்தான் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் கை காட்டினார். நான் எந்நேரமும் மண் கொத்துகிறவன் என்று அவருக்குத் தெரியும். மனைவி மேசையைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பேப்பரைக் குப்பையில் போட்டு, தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். குசினி முன்னெப்போதையும் விடத் துப்புரவாக இருந்தது.

ஞாயிறு காலை அவருடைய மகள் வந்தார். பிற்பகலில் எங்கள் கதவைத் தட்டினார்.

“அப்பா துவக்கை மேசையில விட்டதாச் சொல்லுறார். பெட்டிக்குள்ள இல்லை. நீங்கள் கண்டனீங்களா?”

தெரியாது என்றேன். நான் குசினிக்குள் போகவில்லை, கதவை மட்டும் பூட்டினேன் என்றேன். ஊரில் ஆமியின் செக்பொயின்றில் நின்று பழகிய வாய்க்கு அந்தச் சொல் தானாக வரும். யார், எங்கே, எப்போது என்று எது கேட்டாலும் தெரியாது. அந்தச் சொல்லால்தான் நான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன். அதையே இந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

காணாமல் போன துவக்கைப் பொலிசுக்கு அறிவிக்காமல் இருக்க முடியாது. இரண்டாம் நாள் ஒரு பொலிஸ்காரர் வந்தார். இளம் ஆள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். அவரிடமும் தெரியாது என்றேன். “தாங்ஸ் மேட்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பொலிஸ்காரன் என் வாசலில் நின்று நன்றி சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

இவ்வளவும் எங்களைக் காப்பாற்றத்தான் என்று நினைத்திருந்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு அவருடைய மகள் மறுபடி வந்தபோதுதான் நான் செய்த வேலையின் முழு உருவம் தெரிந்தது. அவர் பின்படியில் இருந்து என்னோடு பேசினார்.

“இடுப்பு மட்டும் எண்டா வீட்டில ஒரு ஆளைப் போட்டுப் பாத்திருப்பன். ஆனா மேசையில இருந்தது, மேசையில இருந்தது எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறார். நானே வந்து பாத்தனான், மேசை துடைச்சுக் கிடந்தது. ஒரு துவக்கை எங்க வைச்சது எண்டு தெரியாத மனுசனைத் தனிய விடேலுமா? டொக்டரும் அதைத்தான் கேட்டவர்.”

பிறகு சொன்னார்: “உங்களைக் கேக்கச் சொன்னவர். அவனுக்குத் தெரியும், அவன் பூட்டினவன் எண்டு. நான் சொல்லிப்போட்டன், நீங்கள் காணேல்லை எண்டு.”

கிழவரைப் பிளாக்டவுன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று சொல்ல ஆசை. இல்லை. பார்க்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். மனைவி சுட்ட பயற்றம் பணியாரத்தையும் கொண்டு போனேன்.

மெலிந்திருந்தார். தாதி வெளியே போகும்வரை பார்த்திருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நீ பூட்டினனிதானே. உள்ளுக்குப் போனனி. மேசையில இருந்தது, என்ன?”

“நான் குசினிக்குள்ள போகேல்லை அங்கிள்.”

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். என்னை நம்பாமல் பார்த்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர் என்னை நம்பினார். கையை விட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்த்து, “அப்ப நான்தான் எங்கயோ...” என்றார். முடிக்கவில்லை. பணியாரம் நல்ல இனிப்பு என்று மனைவிக்குச் சொல்லச் சொன்னார்.

அந்த வருடம் கந்தசஷ்டி விரதத்தை ஆறு நாளும் பிடித்தேன். கோவில் மடப்பள்ளியில் பூசணிக்காய் வெட்டும்போது, என்னோடு எப்போதும் வெட்டுகிற தமிழ்நாட்டுக்காரர் ஒருவரிடம் வேறு யாருக்கோ நடந்த கதைபோல இதைச் சொன்னேன். கணினி வேலைக்காரர், பகிடி விட்டுச் சிரிக்க வைப்பவர்.

“எடுத்தது தப்பில்லங்க, பயம். பொய் சொன்னதும் பயம், சரி” என்றார். “ஆனா அந்த மனுஷனுக்குப் பைத்தியம்னு முத்திரை குத்திட்டு, இந்த ஆளு இங்க விரதம் இருக்கானாக்கும்? முருகன் என்ன, சாப்பாட்டுக்கு இல்லாதவரா?”

வேறு யாருக்கோ நடந்தது என்று அவர் நம்பினாரோ தெரியாது. என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு, நீங்க போய் உக்காருங்க என்றார்.

உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மனைவி வேண்டாம் என்றாள்.

“பிள்ளையின்ர படிப்பை யோசியுங்கோ. கிழவனுக்கு எண்பது முடிஞ்சுது. இவளுக்குப் பதினஞ்சு.”

“அந்தாள் புத்தியோட இருக்குது. புத்தியோட இருக்கிற ஆளை நான் விசராக்கிப்போட்டன்.”

அவள் அழவில்லை. சாமி அறைப் பக்கம் பார்த்தபடி, “மேசையைத் துடைச்சது நான்” என்றாள். பிறகு போய்த் தொலைபேசியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

மெல்பனுக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் கிழவரின் மகளிடம் சொன்னேன். நான் முடித்த பிறகு, “ஏன்?” என்று ஒரே ஒரு சொல். பயம் என்றேன். “அப்பாவுக்கா? அவருக்கா பயந்தனீங்கள்?” என்று கேட்டார். அவர் எங்களிடம் ஒருநாள்கூட வாடகை ஏற்றாத மனுசன்.

மெல்பனிலிருந்து மகளும் வந்தார், பொலிசும் வந்தது. நான்தான் தோண்டினேன். இரண்டு மாத மழை. எங்கள் பக்கத்துக் களிமண் தண்ணீரை விடாது. கறுப்புப் பை எங்கேயோ கிழிந்து சாக்கு ஊறிப்போயிருந்தது. மரம் வீங்கி வெடித்திருந்தது. குழல் முழுக்கத் துருப்பிடித்த செங்கறள். தாழ்ப்பாள் இருந்த ரின்னுக்குள்ளும் தண்ணீர். ஒரு போரையும் மூன்று தலைமுறையையும் தாண்டி வந்த இரும்பை நான் எட்டுக் கிழமையில் தின்னக் கொடுத்துவிட்டேன். மகள் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொலிஸ்காரர் படம் எடுத்து, துணியில் சுற்றி வாகனத்தில் வைத்தார். என் வாக்குமூலத்தை எழுதினார்கள். வழக்குப் போடுவதா என்று கடிதம் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை. விசா புதுப்பிக்கிற நாள் அடுத்த மாதம்.

டொக்டரிடம் உண்மையைச் சொல்லித் தகப்பனை வீட்டுக்குக் கூட்டி வரலாம் என்று மகள் முயன்றார். தகப்பனுக்கும் சொன்னார். பிறகு நானும் போய்ச் சொன்னேன். ஜன்னலோரம் சில்லுக் கதிரையில் இருந்தார். முழுவதையும் சொன்னேன். சாக்கு, மிளகாய்ப் பாத்தி, பால்மா ரின். தோண்டிய அன்று நான் எடுத்த படத்தைத் தொலைபேசியில் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது ஆரின்ர துவக்கு? பாவம், ஆரோ கவனிக்காமல் விட்டிருக்கிறாங்கள்.”

“உங்கடதுதான் அங்கிள். நான் புதைச்சனான்.”

“என்ர துவக்கை நான் வித்துப்போட்டன் மேட்” என்றார் மெதுவாக. “யோசிச்சுப் பாத்தனான். கழகத்தில ஒருத்தன், சிவப்புத் தாடி. யூட் வாகனத்தில வந்து வாங்கிக்கொண்டு போனவன். மேசையில இருந்ததெண்டு நான்தான் பிசத்தி உளறினது.”

பிறகு குனிந்து, அடுத்த கட்டிலுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “என்னை வீட்டுக்குக் கொண்டுபோகவேணும் எண்டு மகள் உன்னை இப்பிடிச் சொல்லச் சொன்னவள், என்ன? நல்ல பிள்ளை. நீயும் நல்லவன். ஆனா பழியை உன்ர தலையில போடாத. உனக்கு விசா இருக்கு, பிள்ளை இருக்கு. பொலிசுக்கு இப்பிடி ஒண்டும் சொல்லிப்போடாத.”

நான் அவர் காலடியில் இருந்து அழுதேன். தாதி வந்து, என்ன நடந்தது என்று அவரைத்தான் கேட்டார். “அவனுக்கு வீட்டு ஞாபகம்” என்றார் கிழவர்.

டொக்டர் மறுபடி சோதித்தார். விற்காத துவக்கை விற்றேன் என்று சொல்கிறவரை எப்படி அனுப்புவது என்றாராம். வீடு விற்பனைக்குப் போய்விட்டது. வேறு இடம் பார்க்க மகள் எங்களுக்கு மூன்று மாதம் தந்தார். அதற்கு மேல் என்னோடு பேசுவதில்லை. அது நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் போய்விட்டு, திருநீற்றோடு அவரிடம் போகிறேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்கிறேன். எட்டு ரவையும், வாய் மூடும் தகடும், தேய்ந்த வரிகளும் அவருக்கு ஒன்றும் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. தாத்தாவின் கப்பல் ஞாபகம் இருக்கிறது. நான் சொல்வதையும் பொறுமையாகக் கேட்கிறார். கேட்டு முடித்ததும், சிவப்புத் தாடிக்காரன் துவக்கை எப்படிப் பச்சைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போனான் என்று எனக்குச் சொல்கிறார். போன கிழமை சொன்ன கதையில் அவனுக்கு ஒரு நாயும் வந்துவிட்டது. யூட்டின் பின்னால் கட்டியிருந்ததாம். வாகனம் தெருவைத் தாண்டும்வரை குலைத்துக்கொண்டே போனதாம்.